துரையின் இடது காது

1979 மார்ச் 12, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறு மணிக்குக் காப்பி. ஆறேகாலுக்குச் சவரம். ஆறரைக்கு எதிர்வீட்டில் சைக்கிள் மணி. என் டைரியில் அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது.

மாப்பிள்ளை பார்ப்பதில் எங்கள் எதிர்வீட்டுக்காரரை மிஞ்ச மதுரை ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. அவர் பார்த்ததெல்லாம் நாய்களுக்கு.

வண்டியூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். வீட்டில் ராஜபாளையம் நாய்கள். ஜோடி சேர்க்க யார் நாயோடு வந்தாலும் "வாங்க சம்பந்தி!" என்பார். அதனால் ஊருக்கே அவர்தான் சம்பந்தி. உபசாரம் அதோடு சரி. அடுத்தது குறுக்கு விசாரணை.

"பொண்ணுக்கு வயசு எம்புட்டு?"

"பத்து மாசம்ணே."

"பிள்ளைக்கே பிள்ளையா? ரெண்டு வயசு முடியட்டும், போயிட்டு வாங்க."

ஒரே தாத்தாவின் வழி வந்த இரண்டை ஒருவர் ஜோடி சேர்க்கக் கேட்டார். "மாமன் மக, அத்தை மகன் முறைதானேண்ணே?"

"அது நமக்கு. நாய்க்கு ஆகாது."

ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் குணம் பார்க்க, தபால்காரரிடம் காக்கிச் சட்டை இரவல் வாங்கி, வேட்டிக்கு மேலே போட்டுக்கொண்டு கப்பலூர் போனார். சட்டை மட்டும் அவரோடு திரும்பி வந்தது. "சம்பந்தம் முறிஞ்சது சார்" என்றார், சட்டையைக் கீழே இழுத்து விட்டபடி.

கடைசிச் சோதனை காது. வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. "முன்னே ஒரு குட்டியை லாரிக்குப் பறிகொடுத்தேன் சார். ஆரன் சத்தம் அதுக்குக் கேக்கலை" என்பார். அன்றிலிருந்து நாய்க்குப் பின்னால் ஒளிந்து நின்று சைக்கிள் மணி அடித்துப் பார்க்காமல் எதையும் ஜோடி சேர்க்க மாட்டார்.

துரை அவர் சொந்த நாய். வெளுத்த நிறத்துக்காக வைத்த பெயர். துரைக்கு ஒரு வாரிசு வேண்டும் என்பது சம்பந்தியின் நாலு வருஷக் கனவு. உசிலம்பட்டிக்காரர் ஒருவரின் நாயோடு அந்தத் திங்கட்கிழமை மாலைக்கு நிச்சயமாகியிருந்தது. முதல் குட்டி எனக்கு. அதற்கு ஏழு பெயர் எழுதி வைத்திருந்தேன்.

பதினாலு நாளாகத் தினமும் மணி அடித்தார், நான் குறித்துக்கொண்டேன். பதினாலு முறையும் துரை திரும்பினான். சம்பந்திக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குத்தான் பழக்கதோஷம், கட்டம் போட்டு எழுதினேன்: மணி அடித்த பக்கம், நாய் திரும்பிய பக்கம். மணி ஏழு நாள் வலப்பக்கம், ஏழு நாள் இடப்பக்கம். துரை பதினாலு நாளும் வலப்பக்கம்தான் திரும்பியிருந்தான்.

டைரியை மூடிவிடலாமா என்று நினைத்தேன். ஏழு பெயர்களும் கண்ணில் பட்டன. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் குட்டிக்குக் கேட்க வேண்டுமே. மூடாமல் எடுத்துக்கொண்டு போனேன்.

சம்பந்தி இரண்டு முறை படித்தார். துரை வலது காது தரையில் அழுந்தப் படுத்துத் தூங்கும்வரை காத்திருந்தார். பிறகு மணி அடித்தார். தெருக்கோடி நாய்களெல்லாம் குரைத்தன. துரை குறட்டை விட்டான்.

மாலையில் உசிலம்பட்டிக்காரர் வந்து இறங்கினார். பெண்ணின் கழுத்தில் கதம்பம்.

"சம்பந்தம் வேணாம்ணே. பையனுக்கு ஒரு காது கேக்காது."

"ஒத்தக் காதுதானே? எங்க மாமனாருக்கு ரெண்டுமே கேக்காது. எட்டுப் பிள்ளை!"

"உங்க மாமனார்ட்ட நான் குட்டி எடுக்கலையேண்ணே! இவன் குட்டிக்கு ரெண்டு காதும் போனாலும் போயிரும். உங்க பொண்ணு தங்கம். ரெண்டு காதும் கேக்குற மாப்பிள்ளையா நானே பாக்குறேன்."

உசிலம்பட்டிக்காரர் சிரித்துவிட்டார். "பாருங்க சம்பந்தி" என்று சொல்லிப் போனார். வாசல் விளக்கைச் சம்பந்தி அன்று போடவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தேன். எதிர்வீட்டுக் கொடியில், தபால்காரரிடம் மறுபடி இரவல் வாங்கிய அந்தக் காக்கிச் சட்டை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் துரையோடு சம்பந்தி, தெப்பக்குளத்தைச் சுற்றக் கிளம்பிக்கொண்டிருந்தார். எப்போதும் துரைக்கு இடப்பக்கம் நடப்பவர், அன்று வலப்பக்கம் நின்றார்.

"நாலு வருசமாக் கேக்காத பக்கம் நின்னு பேசியிருக்கேன் சார்" என்றார். "அம்புட்டையும் முதல்லேருந்து சொல்லணும்."

காப்பியைத் தள்ளிவைத்துவிட்டு நானும் கிளம்பினேன். துரைக்கு இடப்பக்கமாக நடந்தேன்.