ஏரிக்கரையில் விழுந்தவர்

பூந்தமல்லி,
சுபானு வருஷம் தை மாதம், திங்கட்கிழமை.

சிரஞ்சீவி ஜானகிராமனுக்கு உன் தமக்கை வடிவு எழுதிக்கொண்டது. ஆயுளும் ஆரோக்கியமும் உனக்குப் பெருகட்டும்; உன் கடிதங்களின் நீளம் குறையட்டும். இவ்விடம் நான், பூனை, சைக்கிள் ஆகிய மூவரில் இருவர் நலம். சைக்கிளுக்கு மட்டும் முன்சக்கரம் கோணியிருக்கிறது.

வியாழக்கிழமை பார வண்டியோடு வந்து என் சாமான்களை ஏற்றிக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறாய். வா. நான் தடை சொல்லப்போவதில்லை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் இந்தச் சைக்கிளை வாங்கியபோது, நீ உன் சிநேகிதன் சம்பத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டு ஒரு தீர்ப்புச் சொன்னாய். தமக்கையின் முகத்தைப் பார்த்து 'நீங்கள் விழுந்தால்' என்று சொல்ல நா எழாமல், உன் கோர்ட்டுச் சிரஸ்தார் உத்தியோகத்துக்கு உரிய பாஷையில், 'விழுந்தவர் தம் வீட்டைப் பூட்டிவிட்டு மற்றவர் வீட்டில் போய் இருக்க வேண்டியது' என்றாய். நானும் சம்மதித்தேன். அந்த ஒரு நிபந்தனையின் பேரில்தான் இத்தனை காலமும் இந்த வீட்டின் சாவி என் இடுப்பில் இருந்தது. வெள்ளிக்கிழமை விழுந்தாயிற்று. இனிச் சாவி உன் இடுப்பில் இருக்கும்.

ஆனால் உன் கடிதத்தில் 'இந்த வயதில்' என்ற சொல் வரிக்கு வரி வருவதற்கு மட்டும் பதில் சொல்லாமல் விடமாட்டேன். பெண் இருபதில் சைக்கிள் ஏறினால் குடும்பத்தின் மானம் போகிறது; நாற்பதில் ஏறினால் கருப்பை கெடுகிறது; அறுபதில் ஏறினால் எலும்பு முறிகிறது. எந்த வயதில்தான் எங்களிடம் கெட்டுப்போக ஒன்றும் இல்லாமல் இருக்கும் என்பதைத் தெரிவித்தால், அந்த வயதுக்குக் காத்திருக்கிறேன். சைக்கிளை இளவயதுப் பெண்ணாகிய சம்பத்தின் பேத்தி பேபிக்குக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்கிறாய். அவளுக்கு வரன் பார்க்கிறார்கள். சைக்கிளைத் தொட்டால் காலை உடைப்பேன் என்று சம்பத் சொல்லியிருக்கிறான். ஆகவே எனக்கு வயதாகிவிட்டது, அவளுக்கு வயதாகவில்லை. சைக்கிள் சுவரில் தொங்கும். நடந்தால் வலிக்கும் என் முழங்கால் மிதித்தால் வலிப்பதில்லை. டாக்டருக்கே அது ஏன் என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

சம்பத் உனக்குச் சொன்னதில் பாதி பொய். செம்பரம்பாக்கம் ஏரிக்குள் எவரும் விழவில்லை. நெடுஞ்சாலையில் பட்டாளத்து லாரிகள் விரைந்து போவதால் சைக்கிள் ஏரிக்கரைமேல் போயிற்று. எதிரே எருமைகள் வந்தன. சைக்கிள் மணிக்கு மனிதர்கள் விலகுவார்கள். எருமைகள் அதைக் கேட்டுவிட்டு நின்று பார்க்கும். கைப்பிடி திரும்பியது, கரை சரிந்தது, கீழே கன்னியம்மாளின் நாற்றங்கால் இருந்தது. கருமாரியைக் கூப்பிட்ட கூச்சல் அக்கரை வரைக்கும் கேட்டதாம். சாமியைக் கூப்பிடுவது என் வழக்கமல்ல என்று நீ அறிவாய். ஆபத்து மனிதரை மாற்றும் என்று வைத்துக்கொள்.

கன்னியம்மாள் ஓடிவந்து, “இன்னாம்மா இது, கர மேல அம்மாம் பெரிய வழி கீது, என் நாத்துல வந்து உயுந்துகினு கீறே?” என்று கேட்டிருக்கிறாள். முகமெல்லாம் சேறு, ஆள் அடையாளம் தெரியவில்லை. “யார் ஊடும்மா? ஊட்டுக்காரர் பேரு இன்னா?” என்றதற்கு, “டீச்சரம்மா ஊடு” என்று மட்டும் பதில் வந்தது. கரைமேல் வைக்கோல் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த துலுக்கானத்துக்கு அது போதும்.

“அட, நம்ம சைக்கிள் டீச்சரம்மா. வயசான காலத்துல இன்னாத்துக்கு இந்த வேல?”

“நீ போன வாரம் வண்டியோட கால்வாயில உயுந்தியே, உன்ன எவனாச்சும் வயசு கேட்டானா?” என்றாள் கன்னியம்மாள். அவள் படிக்காதது கல்வி இலாகாவின் துரதிர்ஷ்டம். துலுக்கானம் மாட்டை முடுக்கிப் பூந்தமல்லிக்கு வந்து சம்பத்திடம் சொல்ல, புடவையில் சேறு காய்வதற்குள் சம்பத் பஸ் ஏறிப் புரசைவாக்கத்துக்கு வந்து உன்னிடம் சொல்லிவிட்டான். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் அந்தப் பஸ் வழியில் நான்கு தடவை நின்றுவிடும். அன்றைக்கென்று நிற்கவில்லை போலும்.

வெள்ளிக்கிழமைதோறும் திருவேற்காட்டு வேண்டுதலுக்காக வரும் உன் மனைவி பொன்னியம்மாவை, எனக்குப் பணிவிடை செய்ய இங்கேயே நிறுத்திக்கொள்ளும்படி எழுதியிருக்கிறாய். நிறுத்திக்கொண்டேன். கூடத்துக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள். பணிவிடை கடுமையான வேலை.

எனக்கு ஒதுக்கியிருக்கும் பின்கட்டு அறையை நான் அறிவேன். அதன் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு மிச்ச நாளைக் கழிக்கிறேன். நீ காலையில் பத்திரிகையை உரக்கப் படிப்பதைக் கேட்டுக்கொள்கிறேன். யுத்தச் செய்தியோடு நிறுத்து, உன் அபிப்பிராயம் வேண்டாம். பூனையும் வரும். என்னை யாராவது கையைப் பிடித்து அழைத்துப்போக முயன்றால் அன்றே திரும்பிவிடுவேன். துணிமணிகளைக் கட்டி வைத்துவிட்டேன். புத்தகங்களைக் கட்டக் கயிறு கொண்டுவா.

உன் குடும்பம் தழைக்கட்டும். உன் எலும்புகளும் உறுதியாக இருக்கட்டும். நாற்காலியிலிருந்து விழுகிறவர்களும் உண்டு.

இப்படிக்கு,
வடிவு, பி.ஏ.

பி.கு.: இது உங்க பொன்னியம்மா எழுதறது. உறை ஒட்டப் பசை காய்ச்ச அண்ணி அடுப்படிக்குப் போயிருக்காங்க, அதுக்குள்ள முடிக்கணும். மேலே இருக்கறதை இன்னொரு தரம் படிங்க. தான் விழுந்ததா அண்ணி ஓரிடத்திலும் எழுதல. அவங்களுக்குப் பொய் வராது. விழுந்தது நான். வாராவாரம் ஆத்தாளைக் கும்பிட்ட கையோட ஏரிக்கரைக்குப் போய் சைக்கிள் பழகினேன். அம்பத்தாறு வயசுல என்ன பழக்கம்னு கேப்பீங்க. பதினாறு வயசுல உங்க வீட்டுக்கு வந்துட்டேன், அங்கே பழக முடியல. அன்னைக்கு அண்ணி கேரியரைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே ஓடிவந்தாங்க. எப்ப விட்டாங்கன்னு தெரியாது. அவங்க வந்து சேர்றதுக்குள்ள நான் நாத்துல கிடந்தேன், வைக்கோல் வண்டியும் போயிடுச்சு. அந்தப் பொம்பளை வீட்டுக்காரர் பேரு கேட்டா. கல்யாணமான நாள்லேர்ந்து வாயால சொல்லாத பேரை, வாயில சேத்தை வெச்சுக்கிட்டா சொல்லுவேன்? அதான் டீச்சரம்மா வீடுன்னேன். பழி அண்ணி மேல போச்சு. அண்ணிதான், நீ வாயத் திறக்காதே, தெரிஞ்சா உன்னை அவன் வாசப்படி தாண்ட விடமாட்டான், நானாவது பாதி ஆயுசு வெளிய இருந்தவள்னு சொல்லிட்டாங்க. மூணு நாளா என் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கறதும் அவங்கதான். மூட்டை கட்டறப்ப என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குப் பொறுக்கல.

விழுந்தவர் மற்றவர் வீட்டுல போய் இருக்கணும்கறது உங்க தீர்ப்பு. நான் வந்து இருந்தாச்சு. வியாழக்கிழமை வண்டி வரட்டும், காலியா வரவேண்டாம். என் டிரங்குப் பெட்டியையும் கொடியில காயற புடவைங்களையும் ஏத்தி அனுப்புங்க. ரசப்பொடி மேல் அலமாரியில இருக்கு. மத்த சாமானை, முன்சக்கரம் நிமிர்ந்ததும் நானே வந்து எடுத்துக்கறேன்.