உஷ் பாயின் சிவப்புத் துண்டு

மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்களில் சத்தம் என்றாலே ஆகாத ஒரே மனிதர் பூந்தமல்லி உஷ் பாய்தான். பூந்தமல்லி என்ன, பூமியிலேயே இன்னொருவர் இருக்க வாய்ப்பில்லை. கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்கு மைக் வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது வால்யூமைக் குறைப்பார். கேட்டால், "காது இன்னா சார், வருசா வருசம் புதுசா மொளைக்குதா?" என்பார்.

அவருடைய பொழுதுபோக்கு அமைதிகளைச் சேகரிப்பது. எங்கே பதிவுக்குப் போனாலும் முதலில் ஆளில்லாத அறையை ஒரு நிமிடம் பதிந்துகொள்வார். பின்னால் ஒட்டுப்போட அது உதவும், அதுவரை தொழில். அதற்கெல்லாம் பெயர் எழுதி அடுக்கி வைத்திருந்தார் பாருங்கள், அதுதான் கிறுக்கு. 'ஐயப்பன்தாங்கல், மொட்டை மாடி, மழை விட்டதும்' என்று ஒன்று உண்டு. பருத்திப்பட்டில் நான் ஃப்ளாட் வாங்கிக் குடிபோனபோது எல்லோரும் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். பாய் ஒரு பென் டிரைவைக் கையில் வைத்தார். உள்ளே ஏரிக்கரை அமைதி, இருபது நிமிடம்.

"ஏழு கடிகாரம் மாட்டிகீறீங்க. இது தேவைப்படும் சார்."

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் ஆவடி ஆர்கெஸ்ட்ரா பதிவுக்காகச் சிக்கியது. மொத்தம் நாற்பத்திரண்டு பேர். வயலினும், அதன் அண்ணன் வயலாவும் வாசிப்பவர்கள் ஐ.டி.யில் இருப்பவர்கள். டிரம்பெட், டிராம்போன் எல்லாம் ராணுவ பேண்டில் ஓய்வுபெற்றவர்கள். அதே பேண்டை நடத்திய மாஸ்டர்தான் எங்களையும் நடத்தினார். எனக்கு இரண்டு பித்தளைத் தட்டுகள். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் எழுதப்பட்ட எழுபது நிமிட சிம்பொனியில், ஐம்பத்தோராவது நிமிடத்தில் ஒரே ஓர் அடி. மீதி நேரம் நடப்பதையெல்லாம் மணியோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருப்பேன்.

பதிவில் இன்னொரு புத்தம் புதிய இசையும் இருந்தது: பன்னிரண்டு நிமிடம், 'இரண்டாவது ஷிஃப்ட்'. எழுதியவர் தமிழரசி. தொழிற்சாலையில் வரைபடம் வரைகிறவர். அதே கையால் நாற்பத்திரண்டு பேருக்கும் தனித்தனியாக நோட்டு எழுதிக் கொடுத்திருந்தார். முதல் ஒத்திகையில் டிராம்போன்காரர், "ஏம்மா, இதுல தப்பா வாசிச்சா எப்டித் தெரியும்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார் தமிழரசி. டிராம்போன் அன்றிலிருந்து ஒழுங்காக வாசித்தது.

அந்த இசை அதற்கு முன்பே மூன்று முறை தள்ளிப்போயிருந்தது. பெரிய சிம்பொனிக்கே நேரம் போதவில்லை என்பதுதான் ஒவ்வொரு முறையும் காரணம்.

இந்த முறை ஆனி மாதத்து ஞாயிறு, ஆவடியில் தண்டவாளத்தை ஒட்டிய கல்யாண மண்டபம். ஏழு மணிக்கு அங்கே ஒரு ரிசப்ஷன். ஐந்தரைக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும். காலை 8.10க்கு பாய் வந்தார். லோக்கல் வண்டிகளின் நேரம் அவருக்கு மனப்பாடம். வண்டிக்கும் வண்டிக்கும் இடையில்தான் வாசிக்க வேண்டும், அவர் தோளிலிருக்கும் சிவப்புத் துண்டைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

ஏ.சி.யை நிறுத்தினார். செருப்பு, வளையல், சாவிக்கொத்து எல்லாவற்றையும் வாசலில் குவிக்கச் சொன்னார். கோயில் வாசல் மாதிரி இருந்தது. 9.40க்கு ஆரம்பித்தோம். 9.43க்குத் துண்டு உயர்ந்தது.

"யாரு வயிறோ பேசுது."

"யாரு வயிறு பாய்?" என்றார் மாஸ்டர்.

"வயலா. ரெண்டாவது வரிசை. காலைல பொங்கல்."

வயலாக்காரர் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். பாய் அவருக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

பிறகு ஓர் அணிலுக்காக நிறுத்தினார். சமையற்கட்டில் யாரோ தேங்காய் துருவியதற்காக நிறுத்தினார். எனக்காகக்கூட ஒரு தடவை துண்டு உயர்ந்தது. "சார், அடி சூப்பர். ஆனா அடிக்கசொல்ல மூச்சை இழுக்கறீங்களே, அது காதைக் கிழிக்குது."

"பாய், இப்படியே போனா தீபாவளி வந்துடும்" என்றார் மாஸ்டர்.

"வரட்டும் மாஸ்டர். ஆனா வெடி வெச்சா அப்பவும் நிறுத்துவேன்."

சிம்பொனி முடிந்தபோது மணி 5.02. எல்லோரும் வேர்வையில் நனைந்திருந்தோம். அலங்காரக்காரர்கள் ஏணியோடு உள்ளே நுழைந்துவிட்டார்கள். மாஸ்டர் தமிழரசியைப் பார்த்து, "அடுத்த மாசம் கண்டிப்பா எடுத்துடலாம்மா" என்றார். அவர் "சரி சார்" என்று சொல்லிவிட்டு நோட்டுகளைச் சேகரித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனார்.

பாய் மைக்கை ஒருநாளும் இடையில் அணைக்க மாட்டார். எந்த நேரத்தில் நல்ல அமைதி கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஹெட்போன் இன்னும் காதில் இருந்தது. அன்று அமைதிக்குப் பதிலாக மேடைக்குப் பின்னாலிருந்து தமிழரசி போனில் பேசுகிற குரல் வந்தது. சத்தம் வெளியே கசிந்ததில், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"இல்லம்மா, இன்னிக்கும் இல்ல... அழலம்மா, வேர்வை. நீ மாத்திரை போட்டியா?"

பாய் ஹெட்போனைக் கழற்றினார். அந்த மனிதர் கத்தி நான் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"யாரும் எழுந்துக்காதே! அந்தப் பொண்ணு பாட்டை எடுத்துட்டுத்தான் போறோம்!"

மண்டப மேனேஜர் ஓடிவந்தார். "இன்னா பாய், பொண்ணு வீட்டுக்காரங்க வந்துகினு கீறாங்க!"

"ரிசப்ஷனுக்கு மைக் செட் யாருது?"

"உங்களுதுதான்."

"நான் கட்டாம மைக்குல யாரு பேசுவா? பன்னெண்டு நிமிசம் குந்து நைனா."

மேனேஜர் உட்கார்ந்தார். அலங்காரக்காரர்கள் சாமந்தி மாலைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பட்டுப்புடவையில் வந்திறங்கிய அத்தை, மணப்பெண்ணுக்கு அத்தை, அவரும் உட்கார்ந்தார். பாய் வளையலைக் கழற்றச் சொன்னபோது மறுபேச்சில்லாமல் கழற்றினார்.

தமிழரசி ஓடிவந்து நோட்டுகளைத் திரும்பக் கொடுத்தார். 5.10க்கு ஆரம்பித்தோம். இன்னொரு டேக்குக்கு நேரமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நோட்டும் பிசகவில்லை. எட்டாவது நிமிடம், வயலின்கள் மட்டும் நூலிழை மாதிரி ஒலிக்கிற இடம். அப்போது எந்த அட்டவணையிலும் இல்லாத ஒரு சரக்கு ரயில், நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு மண்டபத்தை ஆட்டிவிட்டுப் போனது.

வயலின்கள் நிற்கவில்லை. நாற்பத்திரண்டு பேரும் சிவப்புத் துண்டைப் பார்த்தோம். தமிழரசி கண்ணை மூடிக்கொண்டார்.

பாய் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். நான்காக மடித்தார். நாற்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

வாசித்து முடித்தோம். முதலில் கைதட்டியது அத்தைதான். மாஸ்டர் தயங்கித் தயங்கிப் போய், "பாய், ரயில் விழுந்துடுச்சே?" என்றார்.

"எந்த ரயிலு?" என்றார், வயலாக்காரர் வயிற்றில் பொங்கலைக் கேட்ட மனிதர். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே மாஸ்டர்."

எதையும் நேரத்தோடு எழுதி வைக்கிறவன் நான். 5.18க்கு நேராக 'ரயில்' என்று எழுதியிருந்தேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அதைக் கோடு போட்டு அடித்தேன்.