பிஸ்கட் சூடு

மனித குலம் இதுவரை உண்டாக்கியவற்றுள் ஒருபோதும் பழுதாகாதது ‘நிரந்தரா’ கம்ப்யூட்டர் கம்பெனியின் புகார்ப் பிரிவு. அவர்களுடைய லேப்டாப் நின்றுபோகலாம். புகார்ப் பிரிவு நிற்காது. போன் போட்டால் போதும், இருபத்து நான்கு மணி நேரமும் வீணை வாசிக்கிறார்கள். நான் இதுவரை பதினோரு மணி நேரம் கேட்டிருக்கிறேன். இப்போது எனக்கு ராகம் கண்டுபிடிக்கக்கூட வருகிறது.

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் முப்பத்திரண்டு வருடம் தீ பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் மனைவி பானுமதி கோப்பைகளுக்குப் படம் வரைபவள். சென்னைக் கண்காட்சிக்காக மயில், மாங்காய், கொடி என்று பதினெட்டுப் படங்களை லேப்டாப்பிலேயே வரைந்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் அவை அச்சு செய்யும் ஜம்புலிங்கத்தின் கைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் கண்காட்சியில் அவள் மேஜை காலி.

அந்த நேரம் பார்த்து, வாங்கிய நாற்பத்தோராம் நாள், லேப்டாப் என்னைப் போலவே ‘ஓய்வு’ பெற விரும்பியது. திறந்தால் இரண்டு நிமிடம் ஜங்ஷனில் நிற்கும் இன்ஜின் மாதிரி இரையும். படத்தைத் தேடி எடுப்பதற்குள் அணைந்துவிடும்.

போன் போட்டேன். வீணை முடிந்ததும் ஒரு பெண் குரல்.

“சந்திரலேகா பேசறேன் சார். லேப்டாப் ஹீட் ஆவுதுங்களா?”

கேள்வி சரியானதுதான். கேட்கப்பட்ட ஆள்தான் தவறு. ஆயிரத்து இருநூறு டிகிரிக்குக் கீழே உள்ளதையெல்லாம் குளிர்ச்சி என்று நம்பி வாழ்ந்தவன் நான். மேலே கையை வைத்துப் பார்த்தேன். அப்பளம் சுடலாம். அவ்வளவுதான்.

“சூடெல்லாம் இல்லம்மா. பிஸ்கட் சூடுகூட வரல.”

“பிஸ்கட்டுங்களா சார்?”

“ஆமாம்மா, பிஸ்கட்டு.”

டக்டக்கென்று எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. என்ன பொறுப்பு! பத்தாவது நிமிடம் செய்தி வந்தது: ‘தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்த்துவைக்கப்பட்டது. காரணம்: கீபோர்டில் பிஸ்கட். நேரில் சரிபார்த்தபின் உத்தரவாதம் ரத்து செய்யப்படும்.’

பானுமதி தலையில் அடித்துக்கொண்டாள். “சூளைக்காரர்கிட்ட போயி சூடா இருக்குதான்னு கேட்டா வேற என்னாத்த சொல்லுவாரு! மறுபடி போனைப் போட்டு வெவரமா சொல்லுங்க.”

அதே சந்திரலேகாவிடம் விவரமாகச் சொன்னேன். அதுதான் வினை.

“இது திங்கற பிஸ்கட்டு இல்லம்மா. கப்பை மொதல் தடவ சுட்டு எடுத்தா, எங்க ஊர்ல அதுக்குப் பேரு பிஸ்கட்டு.”

“அப்ப கப்புலேருந்துதான் பிஸ்கட்டு விழுந்துச்சுங்களா சார்?”

“கப்பே பிஸ்கட்டுதாம்மா.”

சிறிது நேரம் வீணை. மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

“சரிங்க சார். அப்புறம் என்ன பண்ணீங்க?”

“அப்புறமா பளபளப்புக்குக் கிளேஸுல முக்கி எடுத்து, திரும்பவும் சூளையில வெப்போம்.”

“முக்கிட்டீங்களா?” என்றாள், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அடுத்த செய்தி: ‘கூடுதல் தகவல்: திரவத்தில் முக்கப்பட்டு, சூளையில் வைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ ஐந்து தந்தேன். குறைத்துத் தந்தால் ஏன் என்று விளக்கச் சொல்கிறார்கள். என் விளக்கங்களின் கதியைத்தான் பார்த்தீர்களே.

வியாழக்கிழமை காலை பானுமதி லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கடலூர் சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பிவிட்டாள். “நீங்களும் வாங்க. ஆனா அங்க வாயத் தொறக்கக் கூடாது.”

அங்கே டை கட்டிய இன்ஜினியர் பிரேம்நாத், டார்ச் அடித்துக் கீபோர்டின் சந்துபொந்தெல்லாம் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“பிஸ்கட்டு எங்க மேடம்?”

“பிஸ்கட்டே கெடையாது தம்பி. இவரு ஒளறிட்டாரு.”

“ரெக்கார்டுல பிஸ்கட்டு இருக்குது, தண்ணி இருக்குது, சூளை இருக்குது. மூணுல ஒண்ணாவது மேட்ச் ஆவணும். ஆவலன்னா இது ஒங்க மெஷினே இல்ல. ஒங்க மெஷின் எங்க?”

கண்ணெதிரே கிடக்கும் பொருளால் ஏமாறாமல், எழுதி வைத்ததை மட்டும் நம்பும் நிறுவனம்! எழுந்து கை தட்டியிருப்பேன். பானுமதி முறைத்தாள்.

“சரி தம்பி. இதான் எங்க மெஷினு, வாரன்ட்டியும் இருக்குதுன்னே வெச்சுக்குவோம். என்னா செய்வீங்க?”

“ஹெட் ஆபீஸுக்கு அனுப்புவோம். உள்ள இருக்கறதெல்லாம் அழிச்சு, புதுசாக்கி, நாப்பத்தஞ்சு நாள்ல வந்துடும்.”

“எம் படம்?”

“புதுசுல ஏது மேடம் படம்?”

“இங்கயே தொறந்து பாக்கக் கூடாதா?”

“வாரன்ட்டி இருக்கற மெஷினைத் தொட்டா என் வேலை போயிடும்.”

“இல்லாத மெஷினு?”

“அது எங்க பொறுப்பே இல்லைங்களே. தாராளமா தொடலாம்.”

பானுமதி அவரையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு பஸ்ஸில் தின்ன வாங்கிய மேரி பிஸ்கட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து நொறுக்கினாள். கோலம் இழுக்கிற கைப்பக்குவத்தோடு கீபோர்டின் மேல் தூவினாள்.

“இப்ப பாருங்க தம்பி.”

பிரேம்நாத்தின் முகம் மலர்ந்தது. “மேட்ச் ஆயிடுச்சு மேடம்!” அவர் மேஜைத் திரையில் ‘உத்தரவாதம் ரத்து’ என்று பச்சை எழுத்தில் வந்தது. மூன்று பேரும் கை குலுக்கிக்கொண்டோம்.

டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு அவர் நான்கு திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே காற்றாடியின் வாயில் எங்கள் ஊர் வெள்ளை மண் பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. பிரஷ்ஷால் இரண்டு தட்டு. பிஸ்கட்டுக்கும் ஒரு தட்டு. ஆன் செய்தார். சத்தமே இல்லாமல் ஓடியது. பதினெட்டுப் படங்களும் வரிசையாக வந்து நின்றன. பானுமதி உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் ஜம்புலிங்கத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

“இதுல என்னாதான் தம்பி கோளாறு?” என்று நான் வாயைத் திறந்தேன்.

“ஒண்ணுமே இல்ல சார். அருமையான மெஷின்.”

நானும் அவ்வாறே சான்றளிக்கிறேன். ‘நிரந்தரா’ லேப்டாப்பில் எந்தக் குறையும் கிடையாது. எங்களுடையதில் பழுதாகியிருந்த ஒரே பாகம் உத்தரவாதம். அதைக் கழற்றிப் போட்டதும் ஓடிவிட்டது.