குசினியிலிருந்து பல்லி சொன்ன விபரம்

மனோர் பார்க்,
வியாழக்கிழமை.

பெருமதிப்புக்குரிய நவரத்தினம் அண்ணை அவர்களுக்கு,

நானும் மனைவி கலாவதியும் மகள் சிவரூபினியும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். மோர்டனில் நீங்களும் சுசிலா அக்காவும் மிதுலன் தம்பியும் அப்படியே இருக்கிறீர்களா என்று கேட்க நான்கு நாளாக ஃபோன் எடுத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். ஆகவே முத்திரை ஒட்டிக் கடிதமே எழுதுகிறேன். இதைத் தயவுசெய்து தனியே இருந்து வாசிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குடும்பத்தோடு மிதுலன் தம்பிக்குப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் ஹாலில் பல்லி சொன்னதல்லவா? அந்தப் பல்லி நான்தான், அண்ணை.

சாதகப் பொருத்தம் ஐம்பத்தைந்து வீதம் என்றதும் சுசிலா அக்கா தயங்குகிறார் என்று கேள்விப்பட்டோம். பல்லி சொன்னால் அவருக்கு மறுபேச்சில்லை என்பதும், மோர்டன் வீட்டை வாங்குமுன் யாழ்ப்பாணத்துத் தங்கைக்கு ஃபோன் எடுத்து, அங்கே சுவரில் பல்லி சொல்லும்வரை முக்கால் மணித்தியாலம் காதில் வைத்துக்கொண்டிருந்தார் என்பதும் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. லண்டனில் பல்லிக்கு நான் எங்கே போவேன்? அந்த நேரம் பார்த்துத்தான் கலாவதி, மாப்பிள்ளை வீட்டார் வரும்போது ஹாலில் ஒரு வயர்கூடத் தெரியக்கூடாதென்று பிடிவாதம் பிடித்து, பாட்டுப் பெட்டி, டிவிப் பெட்டி எல்லாவற்றையும் படிக்கட்டின் கீழுள்ள அலுமாரிக்குள் வைத்து மூடுவித்தாள். ஸ்பீக்கர் திரைச்சீலைக்குப் பின்னால் போனது. வயர் வேலைக்கு வந்த நிஷாந்த் பிரான்ஸிலிருந்து இங்கே வந்த கெட்டிக்காரர். "அண்ணை, இந்த றிமோட் சுவருக்குள்ளாலயும் வேலை செய்யும். குசினிக்குள்ள நிண்டு பட்டனை அமத்தினாலும் ஹாலுக்குள்ள பாடும்" என்றார். அதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நான் நல்ல மனிதனாகவே இருந்திருப்பேன். மகளிடம் யோசனையைச் சொன்னேன். முதலில் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு எங்கேயோ தேடிப் பல்லிச் சத்தம் ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் ஏற்றித் தந்தாள்.

நீங்கள் வந்தீர்கள்; நான் வடை பொரிக்கும் சாட்டில் குசினிக்குள் நின்றேன். கலாவதி "ரெண்டு பேருக்கும் நல்லாச் சரிவரும்" என்றாள், நான் அமத்தினேன், பல்லி சொன்னது. சுசிலா அக்கா மேசையில் விரலால் தட்டி, "பாத்தீங்களே, சத்தியம்! இந்தக் குளிருக்குள்ளயும் வந்து சொல்லுது!" என்றது குசினிவரை கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு தரம் சொன்னால் இன்னும் உறுதி என்று நினைத்தேன். இதற்கிடையில் எண்ணெய் புகைந்து, புகை இழுக்கும் விசிறியைப் போட வேண்டியதாயிற்று, அந்த இரைச்சலில் ஹாலில் பேசுவது ஒரு சொல்லும் கேட்கவில்லை, நான் குத்துமதிப்பாக இரண்டு தரம் அமத்தினேன். சுசிலா அக்கா "எங்கட மனுசன் வீட்டில ஒரு துரும்பும் தூக்கிப் போடார்" என்ற இடத்தில் ஒரு தரமும், "சிகரெட் விட்டிட்டன் எண்டு சொல்லுறார், களவாப் பத்துறார்" என்ற இடத்தில் மற்றத் தரமும் பல்லி சொன்னது என்பது பிறகு கலாவதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "பல்லிக்கு என்ன தெரியும்?" என்று நீங்கள் எழும்ப, "வாய் பேசாமல் இருங்கோ, அது சாமி சொல்லுறது" என்று அக்கா அதட்டினாராம். நீங்கள் வடையைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அன்று முதல் உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவதும் குப்பைப் பெட்டி வெளியே வைப்பதும் நீங்கள்தான் என்றும், தினமும் கோட்டுப் பை சோதனை என்றும், மனோர் பார்க் பக்கம் இனித் தலைவைத்தும் படுக்கமாட்டீர்கள் என்றும் அறிந்தேன். அண்ணை, தண்டனையை எனக்குத் தாருங்கள், பிள்ளைகளுக்கு வேண்டாம். என் மகள் ஒரு கலியாணப் பேச்சுக்கு முகம் சுளிக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை. உங்கள் கார் தெருமுனை திரும்பும்வரை யன்னலில் நின்றாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு நித்திரை இல்லை. ஆனால் சுசிலா அக்காவிடம் உண்மையைச் சொன்னால் உங்கள் மானம் மீளும், கலியாணம் போய்விடும். சொல்லாவிட்டால் கலியாணம் நடக்கும், பாத்திரம் உங்கள் தலையில். ஆகவே பல்லி முதல் தரம் சொன்னதை மெய்யென்றும், பிந்திய இரண்டையும் என் பிழையென்றும் எடுத்துக்கொண்டு, தாலி ஏறும்வரை வாய் திறக்காமல் கழுவித் தரும்படி கும்பிட்டுக் கேட்கிறேன். மறுநாளே நான் வந்து அக்காவின் காலில் விழுந்து ஒப்புக்கொள்வேன்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். மிதுலன் தம்பிக்கு ஆசி. முருகன் உங்கள் கோபத்தைத் தணித்து, கைக்கு நோவு வராமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
முழுக் குற்றத்தையும் ஏற்றுக்கொள்ளும்
சி. யோகலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கலாவதி வந்து, றிமோட்டில் பற்றறியே இல்லை, சனிக்கிழமையே கழற்றிச் சுவர் மணிக்கூட்டுக்குப் போட்டுவிட்டேன் என்கிறாள். அப்படியென்றால் நான் அமத்தியது ஒன்றும் அலுமாரிக்குப் போகவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அப்பா, அந்தப் பெட்டியை ஃபோனாலயும் இயக்கலாம். மிதுலனுக்கு நான்தான் வழி செய்து குடுத்தனான். மூண்டு தரமும் அவர்தான் அமத்தினவர்" என்கிறாள். இருவருக்கும் இரண்டு வருடப் பழக்கமாம். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முதல் தரம் தனக்காக அமத்தினாராம். மற்ற இரண்டும் எதற்கு என்று மகள் கேட்டதற்கு, "அம்மா சொன்னது உண்மைதானே" என்றாராம் உங்கள் மகன்.