ஐஸ்கை சார் வகுப்பில் கேட்ட குரல்

பூதலூர் வட்டாரத்தில் பட்டப்பகலில் பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ஐஸ்கை சார்தான். அவருக்கு நிஜப்பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கணக்கு வாத்தியார். ஆறடி உயரம், ஒல்லி, நடந்தால் சத்தமே வராது. வாய்ப்பாடு என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று அவரே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். ஜன்னல்களைச் சாத்திவிடுவார். எல்லோரும் கண்ணை மூடி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். சார் பானைத் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு வருவார். யாராவது ஒருவர் பிடரியில் அந்தக் கை விழும். காதோரம் கிசுகிசுப்பார்: "ஏழெட்டு?"

மூன்று எண்ணுவதற்குள் விடை சொன்னால் தப்பிக்கலாம். சொல்லாவிட்டால் நீங்களும் பேய். கையை நனைத்துக்கொண்டு சார் பின்னால் சத்தமில்லாமல் நடக்க வேண்டும்.

பக்கத்து வகுப்பில் நான் தமிழ் நடத்துவேன். முப்பது பிள்ளைகள் உள்ள அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்றால் எவ்வளவு பயங்கரம் என்று பாடம் நடத்தியவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் ஓர் அம்மா மந்திரித்த கயிற்றோடு வந்தார். "தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து, 'ஆறேழு நாப்பத்திரெண்டு'ங்கிறான் சார். மாமியார் வேப்பிலையக் கையில எடுத்துட்டாங்க."

"விடை சரிதானேம்மா?" என்றார் சார்.

அந்த விளையாட்டில் தினமும் முதல் பேய் மலர் என்ற சிறுமிதான். வேளாங்கண்ணிப் பக்கம் மீன்பிடிக் குடும்பம். அந்த வருஷம்தான் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். "வீட்ல நல்லா பேசுதுங்க. ஸ்கூல் வாசல மிதிச்சா வாயத் தொறக்க மாட்டேங்குது" என்று அவள் அம்மா அழுவார். அஞ்சு மாதமாக அவள் குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஐப்பசியில் ஒருநாள் தலைமையாசிரியை அந்த இருட்டு வகுப்புக்குள் எட்டிப் பார்த்தார். பிடரியில் சில்லென்று ஒரு கை. "ஒம்பதெட்டு?"

"எழுவத்திரெண்டு!" என்று அவர் அலறியதில் சத்துணவுக் கூடத்தில் கரண்டி விழுந்தது.

மறுநாள் மத்தியானம், விளையாட்டு தொடங்கும் நேரத்தில் சாரை ஆபீசுக்கு வரச் சொன்னார். சாட்சிக் கையெழுத்துக்கு என்னையும். வெளியே கொட்டும் மழை, கரண்ட் இல்லை. "இன்னையோட இந்தப் பேய் விளையாட்ட நிறுத்துங்க சார்" என்று எழுதி வைத்த உத்தரவை நீட்டினார். பிள்ளைகளிடமும் தானே சொல்லிவிடுவதாகக் கூறி எழுந்தார். மூவரும் நடந்தோம்.

வகுப்பு வாசலில் நின்றுவிட்டோம். உள்ளே கும்மிருட்டு.

"ஆறொம்பது?" என்று கேட்டது ஒரு குரல். மெல்லிய, ஈரமான, எங்களுக்குத் தெரியாத குரல்.

"அம்பத்தி நாலு" என்றான் ஒரு பையன்.

தலைமையாசிரியை என் கையைப் பிடித்தார். "யாரு சார் உள்ள?"

"தெரியலீங்க டீச்சர். நான் இங்கதான நிக்கிறேன்" என்றார் சார்.

குரல் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து வாசலை நோக்கி வந்தது. "எட்டெட்டு?" "அறுவத்தி நாலு." அப்போது மின்னல் வெட்டியது. பானைத் தண்ணீர் சொட்டும் கையோடு நடு வகுப்பில் நின்றுகொண்டிருந்தாள் மலர்.

எங்களைப் பார்த்ததும் அவள் வாய் மூடிக்கொண்டது. சார் மெதுவாக உள்ளே போய், கடைசிப் பெஞ்சில் நீளக் கால்களை மடக்கி உட்கார்ந்து, கண்ணை மூடித் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

ரொம்ப நேரம் கழித்து அவள் நடந்தாள். அவர் பிடரியில் கை வைத்தாள்.

"ஏழெட்டு?"

"அம்பத்தி மூணு" என்றார் சார்.

"தப்பு சார்! அம்பத்தாறு!" வராந்தாவைத் தாண்டிக் கேட்டது.

தலைமையாசிரியை உத்தரவை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க, மலர் கேட்ட எந்தக் கேள்விக்கும் அந்த மனுஷர் ஒருநாள்கூடச் சரியான விடை சொல்லவில்லை.