ஏஞ்சலின் ஏ.டி.எம். கார்டு விஷயமாக விக்டோரியா அக்காவுக்கு

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான அக்கா அவர்களுக்கு, தம்பி பென்னி ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நான், மனைவி ஞானம்மா, மகள் ஏஞ்சல் மூவரும் தேவ கிருபையால் சுகம். திருவள்ளூரில் தங்கள் சுகத்தையும், மாமாவின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் அடுத்த ரூமில் கேட்கிறது. அதனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுகம் என்று மேலே எழுதினது மரியாதைக்கு. நெஜமா சொன்னா பேஜாருக்கா.

விஷயம் இதுதான். புதுவாயல் ஜங்ஷனில், மெடிக்கல் ஷாப் மாடியில், ஒரு டிரஸ்ட் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்களுக்கு இலவச வகுப்பு நடத்துகிறது. நாலு மாசத்துக்கு முன்னாடி ஞானம்மாவையும் ஏஞ்சலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே விட்டதே நான்தான். தையல் வகுப்பு என்று நினைத்தேன். கடைசி நாளில் மிஷின் குடுப்பாங்கன்னு ஹால்ல அதுக்கு இடம்கூட ஒழிச்சு வெச்சேன். அப்புறம்தான் தெரிந்தது, அங்கே ஊசியும் இல்லை நூலும் இல்லை. பேங்க், சேமிப்பு, இன்ஷூரன்ஸ், பெண் தன் சம்பாத்தியத்தைத் தானே பார்த்துக்கொள்வது எப்படி, இதுதான் பாடமாம்.

ஏஞ்சல் கம்பெனி வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. சம்பள கார்டு முதல் நாளிலிருந்து என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஒண்ணாந்தேதி நான் போய் எடுப்பேன், பஸ்ஸுக்கு, நாஷ்டாவுக்கு, துணிமணிக்கு என்று நானே கேட்காமல் குடுப்பேன். ஒரு நாள் ஒரு குறை உண்டா? போன ஒண்ணாந்தேதி மிஷினில் போட்டேன், பின் நம்பர் தப்பு என்றது. நம்பர் மாறி அமுக்கியிருப்பேன் என்று மறுபடி போட்டேன். மறுபடி தப்பு. எனக்குப் பின்னால் பத்துப் பேர், எல்லாம் ஒரிசா பசங்க, "அங்கிள், ஜல்தி ஜல்தி" என்கிறானுங்க. அந்த அவசரத்தில் மூணாவது தடவையும் போட்டேன், கார்டே பிளாக் ஆயிடுச்சு. ஊட்டுக்கு வந்து கத்தினேன். ஏஞ்சல் சோறு துன்னுகினே சொல்றா: "நம்பர மாத்திட்டேன் நைனா. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்காரனே மெசேஜ் அனுப்புறானே."

"நான் யாரோவா?"

"யாருக்கும்னா நைனாவுக்கும்தான்."

அக்கா, ரோலிங் மில்லை விட்டு, இடுப்பு வலியோட நான் ஊட்ல உக்காந்து பத்து மாசம் ஆவுது. அந்தக் கார்டு ஒண்ணுதான் என் பையில கனமா இருந்துச்சு. அதை அவகிட்ட சொல்ல முடியுமா? தட்டைத் தள்ளிட்டு எழுந்தேன், அவ்ளோதான்.

ஞானம்மா இவளுக்கு மேல. போன மாசம் எனக்கு ஜுரம். நூத்தி ரெண்டு. கஞ்சி எடுத்துகினு வந்து கட்டில்ல உக்காந்து, நெத்தியில கைய வெச்சுப் பார்த்து, "இன்னாங்க, உங்க டெபாசிட்டுக்கு நாமினி யாரு?"ன்னு கேக்குறா. டாக்டர் இவகிட்ட ஏதோ தனியா சொல்லிட்டாருன்னு நெனச்சு, பாஸ்டரை வரச்சொல்லு, பாவமன்னிப்பு கேக்கணும்னு அழுதேன். பாஸ்டரும் பைபிளோட ஓடியாந்துட்டாரு. அவரு ஜெபம் முடிச்சதும் ஞானம்மா பொறுமையா சொல்றா, இந்த வாரம் வகுப்புல அதான் வீட்டுப்பாடமாம்.

எல்லாத்துக்கும் மேல குப்புராஜ் விஷயம். மில்லில் என்னோடு இருபது வருஷம் நின்னவன். இப்போது ஒரு பெரிய கம்பெனிக்கு ஏஜென்ட். லட்சம் போட்டால் மாசம் எட்டாயிரம் வரும். மில்லில் கணக்கு முடித்துக் குடுத்த பணத்தில் ரெண்டு லட்சம் போடுவதாக வாக்கு குடுத்திருந்தேன். அந்தப் பதினாறாயிரம் வந்தா எவ கார்டும் எனக்கு வேணாம், பார். சனிக்கிழமை சாயங்காலம் ஃபாரத்தோடு ஊட்டுக்கே வந்தான். ஏஞ்சல் டீ குடுத்துட்டு, "மாமா, கம்பெனி எங்க பதிவு பண்ணிருக்கு? நம்பர் சொல்லுங்க"ன்னா. அவன், "நம்பிக்கைதாம்மா பதிவு"ன்னான். ஞானம்மா உடனே உள்ள போய் ஒரு வெள்ளப் பேப்பர் எடுத்தாந்து, "அந்த நம்பிக்கைய இதுல எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணா"ன்னு நீட்டுறா! அவன் பாதி டீயை வெச்சுட்டு, ஹெல்மெட்டை மறந்துட்டுப் போய்ட்டான். மானம் போச்சு.

மறுநாள் சண்டை போடவே புதுவாயல் போனேன். மாடியேறி, "யாரும்மா இங்க பெரியவங்க?"ன்னு கேட்டேன். முப்பது பொம்பளைங்க திரும்பிப் பாக்குறாங்க. டீச்சர் சுமலதா, நம்ம ஏஞ்சலைவிட நாலு வயசு கூட இருந்தா அதிகம். "வாங்க சார், உக்காருங்க. உங்க வீட்டு கேஸ் சிலிண்டர் இப்ப என்ன விலை?"ன்னுச்சு. நானூத்தம்பதுன்னேன். மாடியே குலுங்குற மாதிரி சிரிச்சாங்க. எளாவூர்லேர்ந்து வர்ற மீன்காரம்மா ஒண்ணு, "அந்த விலைக்கு எனக்கு ரெண்டு வாங்கிக் குடுண்ணா"ன்னுச்சு. ஞானம்மா மட்டும் சிரிக்கல. தலையக் குனிஞ்சுகினு உக்காந்திருந்தா. அது எனக்கு அதைவிடக் கஷ்டமா இருந்துச்சு. உடனே கெளம்பலாம்னு பார்த்தா, வாசல்ல முப்பது ஜோடி செருப்புக்கு நடுவுல என் ஜோடியக் காணோம். வகுப்பு முடியுற வரைக்கும் கூட்டு வட்டி கேட்டுகினு உக்காந்தேன்.

ஆகையால் அக்கா, பெரியவள் நீ. வர்ற சனிக்கிழமை தவறாமல் வந்து, இருவருக்கும் புத்தி சொல்லி, அந்த வகுப்பை நிறுத்த வேண்டியது. குப்புராஜிடம் மன்னிப்பு கேட்கவும் நீதான் கூட வர வேண்டும். மாமாவுக்கு என் ஸ்தோத்திரம். உன் மகள் பிரின்சிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
மிகுந்த மனவருத்தத்துடன்
தம்பி பென்னி

பின்குறிப்பு: இன்னைக்கு வெள்ளி. கடிதம் மூணு நாளா பையிலேயே கெடக்குது, ஸ்டாம்ப் வாங்கல; இப்ப திருவள்ளூர் பஸ் கண்டக்டர் கையில குடுத்தனுப்புறேன். காலையில குப்புராஜ் வந்தான். மன்னிப்பு கேக்கலாம்னு நான் வாயெடுக்குறதுக்குள்ள வாசப்படியிலேயே உக்காந்து அழுவுறான். கம்பெனி ஆபீஸ் பூட்டிக்கெடக்குதாம், எந்த நம்பரும் போவலயாம். அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு வெச்சிருந்த நாலு லட்சம் அதுல போயிருக்கு. அவனை நம்பிப் போட்டவங்க பத்தொம்பது பேரு. ஞானம்மா ஒரு வார்த்தை குத்திக் காட்டல, தோசை ஊத்திக் குடுத்தா. ஏஞ்சல் லீவு போட்டுட்டு, ரசீதையெல்லாம் தேதிவாரியா அடுக்கி மனு எழுதிக்கினு இருக்கா. மேலே எழுதினதெல்லாம் தள்ளுபடி. சனிக்கிழமை நீ வர வேணாம். திங்கக்கிழமை நாங்களே திருவள்ளூர் வர்றோம், கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்க. நாலு பேருக்குச் சோறு ஆக்கி வை. குப்புராஜ் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. அங்க ஏஞ்சல்தான் பேசுவாளாம். நான் பக்கத்துல நின்னா போதுமாம், வாயைத் திறக்கக்கூடாதாம். சரின்னுட்டேன்.