செண்பகம் ஃபில்டர்

ஒரு காட்டில் ஒரு ரேடியோ சங்கம் இருந்தது. காடு என்றால் சிங்கம் இருக்குமே, அது எங்கே என்று கேட்பீர்கள். இருந்தது, அதுபாட்டுக்கு ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. நம் கதைக்கு அது வேண்டாம். இந்தக் காலத்தில் ராஜா இல்லாமல் காடு நடந்துவிடும், சங்கம் இல்லாமல் நடக்காது.

சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். தாண்டவராயன் என்கிற நரி தலைவர். ஆவுடையப்பன் என்கிற முள்ளம்பன்றி செயலாளர். மூன்றாவது வெயிலுமுத்து, பகலெல்லாம் தூங்குகிற தேவாங்கு. பிறந்ததிலிருந்து ஒரு வெயிலையாவது முழுசாகக் கண்டதில்லை, பெயர் மட்டும் அப்படி. அவனுக்குப் பதவி ஒன்றும் கொடுக்கவில்லை. ஆகையால் வேலை எல்லாவற்றையும் அவனே செய்தான்.

மலை உச்சியில் முகாம் போட்ட மனிதர்கள் சிலர் பேய்மழைக்குப் பயந்து சாமான்களைப் போட்டுவிட்டு ஓடியதில்தான் சங்கமே பிறந்தது. ஒரு லேப்டாப், அதன் பக்கவாட்டில் செருகுகிற கட்டைவிரல் அளவு ரிசீவர், வெயிலில் சார்ஜ் ஆகிற ஒரு பலகை, ஒரு சுருள் வெளிநாட்டுக் கேபிள், ஒற்றை வாக்கிடாக்கி. இந்த ரிசீவர் பழைய ரேடியோ மாதிரி இல்லை. குமிழைத் திருகித் திருகி ஸ்டேஷன் தேட வேண்டாம். ஆகாயத்தில் இருக்கிற அலையை எல்லாம் அப்படியே வாரி லேப்டாப்புக்குள் கொட்டிவிடும், மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். திரையில் நீலமாக ஒரு அருவி விழுந்துகொண்டே இருக்கும். எங்கேயாவது யாராவது பேசினால் அந்த நீலத்தில் மஞ்சளாக ஒரு கோடு தெரியும். கோட்டைத் தொட்டால் குரல் வரும். நாம் மட்டும் திருப்பிப் பேச முடியாது. அதற்குக் காது உண்டு, வாய் கிடையாது.

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு தர்மம் உண்டு. குரல் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறதோ அவ்வளவு மரியாதை. என்ன சொன்னார்கள் என்பதை யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு தடவை கடல் தாண்டி ஒரு கங்காரு, "இங்கே தூறல்" என்றது. அதற்கு இவர்கள் பலாப்பழம் வெட்டி விழா எடுத்தார்கள். கேட்டதற்கு அத்தாட்சியாக ஓர் அட்டை எழுதி, வலசை போகிற பறவையிடம் கொடுத்தனுப்புவார்கள். அங்கிருந்து பதில் அட்டை வரும். அதைச் சங்கத்துக் குகைச் சுவரில் ஒட்டிவைத்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் இழுத்துக் காட்டுவார்கள்.

தாண்டவராயனுக்கு ஒரே ஒரு குறை. பூமியின் தென்கோடிப் பனிக்கண்டத்திலிருந்து ஒரு பெங்குவின் அந்திப் பொழுதில் பேசுவதாகக் கேள்வி. பக்கத்து மலைக் குரங்குகளின் சங்கம் அதைக் கேட்டுவிட்டதாகப் பீற்றிக்கொண்டு திரிந்தது. குரங்குக்குக் கிடைத்தது நரிக்குக் கிடைக்காவிட்டால் அப்புறம் நரியாகப் பிறந்து என்ன பிரயோசனம் என்று தலைவர் சோறு இறங்காமல் இருந்தார். பொழுது சாய்ந்தால் மூன்று பேரும் திரையில் கண்ணை நட்டுவிடுவார்கள்.

சரியாக அந்த நேரத்தில்தான் செண்பகம் கூப்பிடுவாள்.

செண்பகம் செயலாளரின் பெண்டாட்டி. ஆற்றங்கரை வளையில் மூன்று குட்டிகளோடு இருந்தாள். அந்த ஒற்றை வாக்கிடாக்கியை ஆவுடையப்பன் அவளிடம் கொடுத்திருந்தார். சாப்பாடு ஆறிப்போகிறது என்று அவள் தினம் மலையேறி வந்து, தலைவர் முன்னால் மானத்தை வாங்குவதைத் தடுக்கத்தான். நீ பேசினால் எங்களுக்குக் கேட்கும், ஏறி வராதே என்று சொல்லியிருந்தார். கேட்கத்தான் செய்தது. அவள் வாயைத் திறந்தால் போதும், அத்தனை கிட்டத்தில் இருந்து வருகிற பலத்தில் ரிசீவர் திணறிப்போகும். திரை முழுக்க மஞ்சளடித்து, தூரத்து ஸ்டேஷன் எல்லாம் அதில் முங்கிவிடும்.

தலைவர் முகத்தைச் சுளித்தார். செயலாளர் கூனிக் குறுகினார். வெயிலுமுத்து ஒரு தகர டப்பிக்குள் கம்பியைச் சுற்றி, செண்பகம் பேசுகிற சேனலை மட்டும் அமுக்கிப் போடுகிற ஒரு வடிகட்டி செய்தான். அதற்குச் செண்பகம் ஃபில்டர் என்றே பெயர் வைத்தார்கள். டப்பியின் சுவிட்சைத் தட்டினால் அவள் குரல் இருந்த இடம் தெரியாது. சங்கத்தின் ஆகப்பெரிய கண்டுபிடிப்பு அதுதான்.

ஆவுடையப்பன் அன்று வீட்டுக்குப் போய் அதைப் பெருமையாகச் சொன்னார். பிள்ளை பரீட்சையில் பாஸானதைச் சொல்கிற மாதிரி சொன்னார். உன் சேனலில் எவ்வளவு பலமாகக் கத்தினாலும் இனிமேல் வராது, அதுவே வேறு சேனலில் நூல் மாதிரி மெல்லிசாக ஒரு சிக்னல் வந்தால் நாங்கள் விடவே மாட்டோம் என்றார்.

செண்பகம் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதுக்கு எதுக்குங்க டப்பா? கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித்தானே இருக்கு" என்றாள்.

வளையை மேட்டுக்கு மாற்றுங்கள், ஆறு ஒருநாள் உள்ளே வந்துவிடும் என்று அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஈர மண் எர்த் கம்பிக்கு நல்லது, இந்த மாதிரி இடம் யாருக்குக் கிடைக்கும் என்பது அவர் பதில். இப்படி ஒரு மனுஷனை, மன்னிக்கவும், இப்படி ஒரு முள்ளம்பன்றியை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மேல்மலையில் விடாத மழை பெய்த ஒரு நாள் மனிதர்கள் அணையைத் திறந்துவிட்டார்கள். சாயங்காலம் ஆற்றில் தண்ணீர் ஏறியது. முதலில் வளை வாசலை நக்கியது, அப்புறம் உள்ளே வந்தது. செண்பகம் குட்டிகளைப் பின்வழியாகத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். மேட்டுக்குப் போகிற பாதையை ஏற்கனவே வெள்ளம் வெட்டிவிட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கறையான் புற்றுதான் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நாலு பேரும் அதில் தொற்றிக்கொண்டார்கள். அவள் வாக்கிடாக்கியை எடுத்து, தண்ணீர் ஏறுகிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், சீக்கிரம் வாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

மலைமேல் திரையில் அருவி ஒரே மஞ்சளானது. "ஏங்க" என்று ஒரு சொல் மட்டும் கேட்டது. உலகத்தில் எந்தப் புருஷனுக்கும் அது போதும். செயலாளர் தாமே எட்டிச் சுவிட்சைத் தட்டினார். திரை தெளிந்தது. நல்ல டப்பி என்று தலைவர் வெயிலுமுத்துவின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

செண்பகம் கத்திக்கொண்டே இருந்தாள். செவிடன் காதில் சங்கு. தண்ணீர் கடைசிக் குட்டியின் காலை நனைத்தது. அவளுக்குப் பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். யோசித்தாள். நம் குரல் கேட்காமல் இல்லை, ரொம்ப நன்றாகக் கேட்கிறது, அதுதான் கோளாறு என்று அவளுக்குப் புரிந்தது.

புருஷன் தூக்கத்தில் உளறியதை எல்லாம் கேட்டுப் பழகியவள்தானே. வாக்கிடாக்கியின் ஆன்டெனாவைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டாள். பவர் குமிழைக் குறைத்தாள். சேனலை மாற்றினாள். அப்புறம் கவ்வியதைக் கையில் வாங்கிக்கொண்டு, செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி நிறுத்தி நிதானமாக, முனகலாகப் பேசினாள்.

"சி.க்யூ., சி.க்யூ. தூரத் தீவிலிருந்து பேசுகிறோம். சுற்றிலும் தண்ணீர். ஜனத்தொகை நாலு. தீவு சுருங்கிக்கொண்டே வருகிறது. நேரில் வருபவர்களுக்கு மட்டுமே அட்டை தரப்படும்."

யாராவது கேட்கிறீர்களா என்பதற்கு இவர்கள் பாஷையில் சி.க்யூ. அவள் சொன்னதில் 'தூர' என்பதும் அட்டையும் தவிர மற்றதெல்லாம் சத்தியம்.

திரையின் ஓரத்தில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஒரு கோடு விழுந்தது. வெயிலுமுத்துவின் கண் விரிந்தது, அதற்குமேல் விரிய அதில் இடம் இல்லை. மூன்று பேரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்கள். சுருங்குகிற தீவு, நாலே பேர், நாளைக்கு இருக்குமோ இருக்காதோ. இப்படி ஒரு ஸ்டேஷன் எந்தக் குரங்குக்குக் கிடைக்கும் என்று தலைவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

நேரில் போய்த்தான் ஆக வேண்டும். கப்பலோ படகோ, அதைக் கடற்கரையில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் திசையைக் கண்டுபிடி என்று உத்தரவு பிறந்தது. மூங்கில் குச்சியில் கம்பி கட்டிய கை ஆன்டெனாவை வெயிலுமுத்து நாலு திக்கும் திருப்பினான். ஆற்றுப் பக்கம் திருப்பும்போது கோடு பளிச்சென்றது. ஆறு கடலுக்குத்தானே போகிறது, சரியாகத்தான் இருக்கிறது என்றார் தலைவர். லேப்டாப்பை ஆவுடையப்பன் முதுகில் வைத்தார்கள், முள்ளில் குத்தி அது நகராமல் நின்றது. தீவில் கட்டிக் கேட்பதற்காக வெளிநாட்டுக் கேபிளைத் தலைவர் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார். மூன்று பேரும் இறங்கினார்கள்.

இறங்க இறங்கக் கோடு தடித்தது. இன்றைக்கு ஆகாயம் நமக்குச் சாதகமாக இருக்கிறது என்று தலைவர் பூரித்துப்போனார்.

"அண்ணாச்சி, இது பக்கத்துல எங்கேயோ இருக்கும்போல இருக்கே" என்றான் வெயிலுமுத்து.

நல்ல காரியத்துக்குப் போகும்போது அபசகுனமாகப் பேசாதே என்று அவனை அடக்கிவிட்டார்.

அப்போது அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு குட்டி அழுதது. எந்தத் தேசமானாலும் பிள்ளை அழுகை ஒன்றுதான் பாருமய்யா என்று தலைவர் தத்துவம் பேசினார். செயலாளர் ஓட ஆரம்பித்திருந்தார். லேப்டாப் முதுகிலிருந்து எகிறி விழுந்ததுகூட அவருக்குத் தெரியாது.

கரைக்கு வந்தபோது புற்றில் உச்சி மட்டும்தான் மிச்சம் இருந்தது. செண்பகம் கழுத்தளவு தண்ணீரில் நின்று, மூன்று குட்டிகளையும் மேலே தள்ளிப் பிடித்திருந்தாள். ஒரு கையில் வாக்கிடாக்கி. புருஷனைப் பார்த்தாள்.

"அட்டைக்கு வந்தீங்களா, ஆளுக்கு வந்தீங்களா?"

ஆவுடையப்பன் வெட்கப்பட்டு அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். திரும்பித் தலைவர் கழுத்தில் இருந்த கேபிளைப் பிடித்து இழுத்தார். நனைந்தால் போச்சு, வெளிநாட்டுச் சரக்கு என்று தலைவர் விடமாட்டேன் என்றார். செயலாளர் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றார். தலைவர் விட்டுவிட்டார். வெயிலுமுத்து ஒரு முனையை நாவல்மரத்தில் கட்டினான், மறுமுனையைச் செயலாளர் வீசினார். செண்பகம் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கட்டி அனுப்பினாள். கடைசியில் தானே கேபிளைப் பல்லால் கவ்விக்கொண்டு கரையேறினாள். அவள் ஏறின பிறகு புற்று இல்லை.

மூன்று குட்டிகளையும் அணைத்துக்கொண்டு ஆவுடையப்பன் விசும்பி விசும்பி அழுதார். தாண்டவராயன் கேபிளில் பதிந்திருந்த பல்தடங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் துக்கம்தான்.

மறுநாள் சங்கம் கூடியது. கூப்பிடு தூரத்துக்குள் இருப்பது எதுவும் கணக்கில் சேராது, ஆகவே தூரத் தீவு ஸ்டேஷன் செல்லாது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். அக்கம்பக்கத்து இரைச்சல் இப்படி வேஷம் போட்டு வருவதால், எல்லாச் சேனலையும் அமுக்குகிற பெரிய ஃபில்டர் ஒன்று செய்ய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். வெயிலுமுத்து எதிர்த்தான், அவனுக்கு ஓட்டு இல்லை. ஆவுடையப்பன் நடுநிலை வகித்தார். வளையை மட்டும் மேட்டுக்கு மாற்றிவிட்டார். கொஞ்ச காலம் அந்திப் பொழுதில் வீட்டிலும் இருந்தார்.

வலசைக் காலத்தில் ஆலா என்கிற கடற்பறவை ஒன்று ஓர் அட்டையைக் கொண்டுவந்து போட்டது. பனிக்கண்டத்துப் பெங்குவின் அனுப்பியது. தலைவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார். பார்க்கட்டும் குரங்குகள் என்றார். குகைச் சுவரில் நட்டநடுவில் ஒட்டினார்கள். ஆவுடையப்பன் தள்ளி நின்று அழகு பார்த்தார். மேல்வரியில் 'மிகத் தெளிவாகக் கேட்டது' என்று இருந்தது மட்டும்தான் அவர்கள் கண்ணில் பட்டது.

மிச்சத்தைப் படித்தது செண்பகம்தான். புருஷனைச் சாப்பிடக் கூப்பிட மலையேறி வந்தவள் நின்று படித்தாள்.

"அன்று அந்தியில் உங்கள் காட்டிலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டது இங்கே மிகத் தெளிவாகக் கேட்டது. தண்ணீர் ஏறுகிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அவர் கத்தியதை ஒரு சொல் விடாமல் கேட்டோம். எல்லோரும் அழுதுவிட்டோம். பிள்ளைகள் பிழைத்தார்களா? உடனே எழுத முடியாததற்கு மன்னிக்கவும். பனிப்பாறை உடைகிறது, பனிப்பாறை உடைகிறது என்று அடுத்த வீட்டில் யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். பெரிய இரைச்சல். இப்போது நின்றுவிட்டது."

நீதி: ஆபத்து வந்தால் அடுத்த வீட்டைக் கூப்பிடாதே, அங்கே நீ வெறும் இரைச்சல். பூமியின் மறுகோடியில் இருப்பவனைக் கூப்பிடு. அவன் ஒரு சொல் விடாமல் கேட்பான், அழுவான், அட்டையும் போடுவான். வரத்தான் மாட்டான்.